ஐந்தாம் திணை

2009 மார்ச் மாதம். பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் வாஷிங்டனுக்குப் போனார். புதிதாகப் பட்டத்துக்கு வந்த ஒபாமாவைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? அடிமை வியாபாரத்தை ஒடுக்கக் கடலில் திரிந்த 'கேனட்' என்ற பழைய கப்பலின் மரத்தைச் செதுக்கி, பேனா வைக்கும் தாங்கி ஒன்று செய்வித்து எடுத்துப் போனார். ஒபாமா உட்கார்ந்து கையெழுத்துப் போடும் மேஜையே 'ரெசல்யூட்' என்கிற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலின் மரம்தான். 1880-இல் விக்டோரியா மகாராணி கொடுத்தது. கப்பல் மேல் கப்பல் உட்காரட்டும் என்று கணக்கு. கூடவே மார்ட்டின் கில்பர்ட் எழுதிய சர்ச்சில் வரலாற்றின் முதல் பதிப்பு. பெண் வீட்டார் சீர் வரிசை எடுத்துப் போவது போலப் பார்த்துப் பார்த்துச் செய்தது.

எதிர்ச்சீராக ஒபாமா கொடுத்தது 25 டிவிடி.

நல்ல படங்கள்தான். 'சிட்டிசன் கேன்', 'காட்ஃபாதர்', 'சைக்கோ' என்று பொறுக்கி எடுத்த அமெரிக்கப் படங்கள். லண்டன் பத்திரிகைகளுக்கு ஆத்திரம். ரயில்வே ஸ்டேஷனில் வாங்கிய பொம்மையைக் கொடுத்தாற்போல இருக்கிறதே என்று ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி ஓயுமுன்பே அடுத்த செய்தி வந்தது. ஒருநாள் ராத்திரி பிரவுன் பாப்கார்னோடு உட்கார்ந்து 'சைக்கோ'வை ப்ளேயரில் போட்டாராம். திரையில் படம் வரவில்லை, 'தவறான ரீஜன்' என்று எழுத்து வந்ததாம். பத்து வருஷம் நிதியமைச்சர், அப்போது பிரதமர், நீர்மூழ்கியிலிருந்து அணுகுண்டு ஏவ அதிகாரம் உள்ளவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஹாலில் ஒரு டிஸ்க் அவரைப் பார்த்து 'நீ எந்த ஊர்?' என்று கேட்டிருக்கிறது.

இந்தக் கேள்வியை அது எங்கே கற்றுக்கொண்டது என்பதுதான் கதை.

டிஸ்க்குக்கு முன்னால் கரண்ட்டிலேயே வம்பு ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 60 தடவை துடிக்கும். ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் 50. டெலிவிஷனைக் கண்டுபிடித்தவர்கள் படத்தையும் அந்தத் துடிப்புக்கு ஏற்ற மாதிரியே ஓட்டினார்கள். அதனால் அமெரிக்காவில் 525 கோடு, நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம். ஐரோப்பாவில் 625 கோடு, 25 படம். இதுவரை யார் மேலும் தப்பில்லை. அரிசியும் கோதுமையும் மாதிரி, விளைகிறது விளையும்.

கலர் வந்தபோதுதான் கௌரவம் வந்தது. 1953-இல் அமெரிக்கா என்.டி.எஸ்.சி. என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் கதாநாயகியின் முகம் ஒரு சேனலில் ரோஜா, அடுத்த சேனலில் பச்சை மாங்காய். அந்த நாலு எழுத்துக்கு 'ஒரே கலர் ரெண்டு தடவை வராது' என்று எஞ்சினியர்களே விரிவு சொல்லிச் சிரித்தார்கள். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்டர் புரூக் இதைச் சரிசெய்து பால் என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஏன் உங்கள் பெயரையே வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "'புரூக் சிஸ்டம்' என்றால் யார் வாங்குவார்கள்?" என்றாராம். ஜெர்மனில் புரூக் என்றால் உடைசல். 'உடைசல் டிவி' என்று போர்டு மாட்டிக்கொண்டு கடை நடத்த முடியுமா?

1967 ஆகஸ்ட் 25 அன்று பெர்லினில் கலர் ஒளிபரப்புத் தொடக்க விழா. மேற்கு ஜெர்மனியின் துணைச் சான்சலர் வில்லி பிராண்ட் மேடை ஏறி ஒரு பெரிய சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினார். ஆனால் அவர் விரல் பொத்தானைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே திரையில் கலர் வந்துவிட்டது. பொத்தான் வெறும் டம்மி. உள்ளே இருந்த டெக்னீஷியன் ஆர்வக்கோளாறில் முந்திக்கொண்டார். ரிப்பன் வெட்டுமுன் பாலத்தின் மேல் லாரி போன கதை நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்கன் சமைத்ததும் வேண்டாம், ஜெர்மன்காரன் சமைத்ததும் வேண்டாம் என்று தனி அடுப்பு மூட்டினார்கள். அதன் பெயர் செகாம். 'அமெரிக்க முறைக்கு அடிப்படையிலேயே எதிரானது' என்பது அதற்கு ஊர் வைத்த விரிவு. 1965-இல் சோவியத் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டு அங்கேயும் செகாமைக் கொடுத்தார்கள். ஷாம்பெய்ன் தேசமும் வோட்கா தேசமும் ஒரே கலரில் டிவி பார்த்தன. நடுவில் மேற்கு ஜெர்மனி வேறு கலர். இதில் ஐரோப்பாவுக்கு லாபம் என்ன என்று கேட்கக் கூடாது, மானம் இருந்தது.

இந்தியா 1982-இல், ஆசிய விளையாட்டு நடந்த வருஷம், பால் கட்சியில் சேர்ந்தது. அதனால் எங்கள் வீட்டுக்கு ஒரு சங்கடம் வந்தது.

1991-இல் அக்கா கல்யாணம். வீடியோக்காரர் மூன்று மணி நேர காசெட் எடுத்துத் தந்தார். தாலி கட்டும்போது தாமரை விரிந்து அதற்குள்ளிருந்து அத்தான் வருவார். அக்கா அதைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்து நியூஜெர்சிக்கு எடுத்துப் போனாள். பத்து நாள் கழித்து பக்கத்து வீட்டு போனுக்கு அத்தான் கூப்பிட்டார். ஐ.எஸ்.டி. கட்டணத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுவார். "அத்தை, கல்யாணம் இங்க ஓடலை."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "என்ன மாப்பிள்ளை சொல்றீங்க? பத்து நாள்தானே ஆச்சு!"

அமெரிக்க டெக்கில் பால் காசெட்டைப் போட்டால் படம் உருளும், கிழியும், குறுக்கே கோடு ஓடும். தாமரையும் தெரியாது, அத்தானும் தெரியார். இதை அம்மாவுக்கு விளக்க அப்பாவுக்கு இரண்டு நாள் ஆனது. அங்கே ஒரு கடையில் காசு கட்டி காசெட்டை என்.டி.எஸ்.சி.க்கு மாற்றினார்கள். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன தமிழ்க் குடும்பங்களில் இப்படிக் கல்யாணத்தை 'கன்வர்ட்' பண்ணாதவர்கள் குறைவு.

பால் வீட்டில் இருந்தவர்களுக்கும் ஒரு நஷ்டம் உண்டு, யாரும் கவனிக்கவில்லை. சினிமா பிலிம் நொடிக்கு 24 படம் ஓடும். பால் டிவிக்கு 25 வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? படத்தையே வேகமாக ஓட்டிவிட்டார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும். குரலும் லேசாகக் கீச்சிடும். சிவாஜி நிறுத்தி நிதானமாகப் பேசிய வசனத்தை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி பேசக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

சரி, இதெல்லாம் கரண்ட் செய்த பாவம். வேண்டுமென்றே பூட்டு போட ஆரம்பித்த புண்ணியவான்கள் வீடியோ கேம்காரர்கள்.

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம் தலைகுப்புற விழுந்தது. யார் வேண்டுமானாலும் காசெட் போடலாம் என்று விட்டதில் குப்பை குவிந்துவிட்டது. விற்காமல் போன 'ஈ.டி.' கேம்களை அடாரி கம்பெனி நியூமெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014-இல் சிலர் தோண்டிப் பார்த்தார்கள். கீழடி மாதிரி நிஜமாகவே கிடைத்தது. அதே 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. அதை அமெரிக்காவுக்கு 1985-இல் கொண்டுபோனபோது, கேம் என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் விரட்டினார்கள். ஆகவே பெட்டியை வீடியோ டெக் மாதிரி முன்பக்கம் சொருகுகிற விதமாகச் செய்து, பெயரையும் என்.இ.எஸ். என்று மாற்றி, உள்ளே ஒரு பூட்டையும் வைத்தார்கள்.

பூட்டு ஒரு சில்லு. பெட்டியில் ஒன்று, காசெட்டில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று 'யாரது, யாரது' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் தப்பினால் நொடிக்கொரு தடவை பெட்டி தன்னைத்தானே அணைத்து அணைத்து எழும். சிவப்பு விளக்கு மின்னி மின்னி மானத்தை வாங்கும். ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிய காசெட்டில்கூடப் பின் சரியாக ஒட்டாவிட்டால் இதே கதி. உலகம் பூராவும் ஒரு தலைமுறை காசெட்டின் வாயில் வாய் வைத்து ஊதியது. புல்லாங்குழல் கற்றிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

மட்டமான கேம் வராமல் தடுக்கத்தான் பூட்டு என்றார்கள். பாதி உண்மை. மற்றவர் எழுதும் கேமுக்கும் காசெட்டை நின்டெண்டோவேதான் தயாரித்துத் தரும். வருஷத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கையும் வைத்திருந்தது. கோயிலுக்குள் தேங்காய்க்கடை ஏலம் எடுத்தவர் வெளியிலிருந்து தேங்காய் கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைப்பாரே, அந்தப் பக்திதான். ஊருக்கு ஊர் பூட்டும் வேறு. அமெரிக்காவுக்கு ஒன்று. ஐரோப்பாவுக்குள்ளேயே இரண்டு: பிரிட்டனும் இத்தாலியும் ஆஸ்திரேலியாவோடு ஒரு பந்தி, மீதிப் பேர் வேறு பந்தி. இத்தாலி எப்படி ஆஸ்திரேலியாவுக்குப் பங்காளி ஆனது என்று கேட்டால் வரைபடத்தில் விடை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பூட்டு போட்டவர்களே முதலில் சுவர் ஏறிக் குதித்தார்கள். ஜப்பான் காசெட்டுக்கு 60 பின், அமெரிக்கக் காசெட்டுக்கு 72 பின். ஆரம்பத்தில் வந்த 'ஜைரோமைட்' போன்ற கேம்களின் அமெரிக்கக் காசெட்டைச் சிலர் திருப்புளி வைத்துத் திறந்தார்கள். உள்ளே ஜப்பான் காசெட்டின் பலகையே அப்படியே இருந்தது. 60-ஐ 72 ஆக்கும் ஒரு குட்டி அடாப்டர் மாட்டி, மேலே அமெரிக்கச் சட்டை போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், ஜப்பான் கேம் ஆட ஆசைப்பட்டவர்கள் ஜைரோமைட்டாக வாங்கி அறுத்தார்கள். மாம்பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டைக்காக வாங்கிய ஒரே வியாபாரம்.

இன்னொரு கூட்டம் செய்தது இதைவிட அழகு. அடாரி கேம்ஸ் கம்பெனி இந்தப் பூட்டை உடைக்கப் பார்த்தது, முடியவில்லை. அந்தச் சில்லின் நிரலை நின்டெண்டோ அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தது. 1988-இல் அடாரியின் வக்கீல்கள் நேரே அங்கே போய், "எங்கள் மேல் கேஸ் நடக்கிறது, வாதாட வேண்டும், ஒரு பிரதி கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். கேஸ் எதுவும் நடக்கவில்லை. அலுவலகமும் முத்திரை குத்தி, பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டது. திருடன் போலீஸ் ஸ்டேஷனில் போய் வீட்டுச் சாவியை வாங்கி வந்தான். அதை வைத்து 'டெங்கன்' என்ற பெயரில் காசெட் போட்டு விற்றார்கள். அப்புறம் நிஜமாகவே கேஸ் வந்தது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நன்றாகவே காதைத் திருகியது.

அடுத்து வந்த சூப்பர் என்.இ.எஸ். பெட்டியில் சில்லு போதாதென்று ஒரு மதிலும் கட்டினார்கள். ஜப்பான் காசெட் அமெரிக்கப் பெட்டியில் நுழையாதபடி சொருகும் வாயில் இரண்டு பிளாஸ்டிக் முளை. அமெரிக்கப் பையன்கள் அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து மூக்குக் குறடை எடுத்தார்கள். டக், டக். இரண்டு முளையும் போயிற்று. ஜப்பான் காசெட் ஜம்மென்று உட்கார்ந்து ஓடியது. பசிபிக் சமுத்திரத்தின் அகலம் மொத்தம் இரண்டு முளை.

இத்தனை அமர்க்களத்திலும் இந்தியக் குழந்தைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஜப்பான் ஃபேமிகாமில் அந்தப் பூட்டுச் சில்லே கிடையாது. அதை அப்படியே காப்பியடித்த பெட்டிகள்தான் 'டிவி கேம்' என்ற பெயரில் பர்மா பஜாரிலும் பாத்திரக்கடை ஷோகேஸிலும் வந்து இறங்கின. ரஷ்யாவில் இதே பெட்டிக்கு 'டெண்டி' என்று பெயர், யானை முத்திரை. எங்கள் வீட்டு மஞ்சள் காசெட்டில் '9999999 இன் 1' என்று போட்டிருந்தது. ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. அந்த நேர்மையை மெச்ச வேண்டும். மாரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது, ஒரு டாங்கி. திரும்ப மாரியோ, இந்தத் தடவை சட்டை வேறு கலர். லீவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மாமா பையன் ஒரிஜினல் மாரியோ காசெட் கொண்டுவந்தான். 72 பின், எங்கள் 60 பின் வாயில் நுழையவில்லை. ஒரு மாசம் ஒரிஜினலை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே டூப்ளிகேட்டில் ஆடினான்.

1994 டிசம்பரில் சோனியின் ப்ளேஸ்டேஷன் வந்தது. காசெட் போய் சி.டி. சி.டி.யில் முளை வைக்க முடியாதே? டிஸ்க்கின் உள்வட்டத்தில் பள்ளத்தை நேராகப் போகவிடாமல் லேசாக நெளியவிட்டார்கள். அந்த நெளிவில் நாலு எழுத்து ஒளிந்திருக்கும். ஜப்பானுக்கு எஸ்.சி.இ.ஐ., அமெரிக்காவுக்கு எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ. வீட்டில் காப்பி எடுக்கும் சி.டி. ரைட்டருக்கு அந்த நெளிவை எழுத வராது. நிஜமாகவே புத்திசாலித்தனமான பூட்டு. எழுந்து நின்று கும்பிடலாம்.

அதை ஜெயித்தது பல்குத்தும் குச்சி. மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. குச்சியைச் செருகி அதை அழுத்தி வைத்துவிட்டு, ஒரிஜினலைக் காட்டி, பெட்டி தலையாட்டியதும் சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்கி மற்றதை வைப்பார்கள். சபரிமலை வரிசையில் டோக்கன் ஒருவர் பெயரில் வாங்கி இன்னொருவர் உள்ளே போகிற நுட்பம். குச்சிக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு மாட் சிப். எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒரு சில்லு. அதில் சில மூன்று ஊர் எழுத்துகளையும் மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பெட்டி தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த வேலைக்குச் சால்டரிங் அயர்னைச் சூடாகவே வைத்திருப்பார்கள்.

சிட்னியில் எடி ஸ்டீவன்ஸ் என்பவர் இந்தச் சில்லை விற்றார் என்று சோனி கேஸ் போட்டது. முதலில் ஸ்டீவன்ஸ் ஜெயித்தார், அப்பீலில் சோனி ஜெயித்தது, 2005 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாக ஸ்டீவன்ஸ் பக்கம் நின்றார்கள். சோனியின் பூட்டு காப்பி எடுப்பதையே தடுக்கவில்லையே, எடுத்ததை ஓட்டவிடாமல்தானே செய்கிறது, சட்டம் காக்கச் சொன்ன பூட்டு இதுவல்ல என்பது தீர்ப்பின் சாரம். பிறகு சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். அப்போதும் ஊர்ப் பூட்டுக்கு மட்டும் பாதுகாப்பு கிடையாது என்று எழுதி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் அறிவு இருந்திருக்கிறது.

இப்போது பிரவுன் வீட்டு ஹாலுக்கு வருவோம்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் பிறந்தது. பிறக்கும்போதே ஹாலிவுட்காரர்கள் தொட்டில் பக்கத்தில் பூட்டோடு நின்றார்கள். அவர்கள் கவலை இது: படம் முதலில் அமெரிக்காவில் ரிலீஸ் ஆகும், மற்ற ஊர்களுக்கு மெதுவாக, சில மாசம் கழித்து வரும். லண்டன் தியேட்டருக்குப் படம் வருமுன் நியூயார்க்கிலிருந்து டிவிடி வந்துவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்? தவிர, ஒவ்வொரு நாட்டு உரிமையையும் தனித்தனியாக விற்றாயிற்று. விலையும் ஊருக்கு ஒன்று. ஆகவே உலக வரைபடத்தை மேஜை மேல் விரித்தார்கள். 1494-இல் டோர்டெசியாஸ் என்ற ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அட்லாண்டிக்கில் ஒரு கோடு போட்டு உலகத்தை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன. ஹாலிவுட்காரர்கள் ஆறு துண்டு போட்டார்கள்.

தொல்காப்பியர் காலத்திலிருந்து நமக்கு நிலத்தைப் பிரிப்பது தெரிந்த விஷயம்தான். மலை என்றால் குறிஞ்சி, காடு என்றால் முல்லை, காரணம் இருக்கும். இவர்கள் பிரித்ததைப் பாருங்கள். முதல் திணை அமெரிக்காவும் கனடாவும். இரண்டாம் திணை ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு, கூடவே தென்னாப்பிரிக்கா. மூன்று சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், தென் கொரியா. நாலாவது ஆஸ்திரேலியாவும் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். ஆறாவது சீனாவுக்கு மட்டும். திருட்டு டிஸ்க்குக்குப் பேர்போன ஊருக்குத் தனி பங்களா. ஏழாவதைக் காலியாக விட்டார்கள். எட்டாவது விமானத்துக்கும் கப்பலுக்கும். வானத்தையும் கடலையும்கூட விடவில்லை.

ஐந்தாவது நாம். இந்தியா, பாகிஸ்தான், ரஷ்யா, மங்கோலியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, அப்புறம் வட கொரியா. டெல்லியும் இஸ்லாமாபாத்தும் பியாங்யாங்கும் ஒரே பாயில் உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்று நினைத்த ஒரே அமைப்பு ஹாலிவுட்தான், ஐ.நா. சபைக்குக்கூட அந்த நம்பிக்கை வந்ததில்லை. ஐந்தாம் திணை பாலை. பாலைக்கு உரியது பிரிவு. எங்களுக்கும் படத்துக்கும் இடையில் இருந்தது அதுதான்.

தமிழனுக்கு இதில் விசேஷச் சிக்கல். சென்னையும் யாழ்ப்பாணமும் ஐந்து, சிங்கப்பூர் மூன்று, லண்டனும் பாரிஸும் இரண்டு, டொரான்டோ ஒன்று, சிட்னி நாலு. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் ஐந்து திணையில். சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா ஆசையாக ஒரு ஆங்கிலப் பட டிவிடி வாங்கி வந்தார். ஒரிஜினல், தகரப் பெட்டி, உள்ளே ஒரு புத்தகம் வேறு. போட்டோம். பிரவுனுக்கு வந்த அதே எழுத்து. பெரியப்பா ரசீதை எடுத்துக் காட்டினார், டிவியிடம்.

மறுநாள் ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. ரிமோட்டை வாங்கினார், டிஸ்க் வைக்கும் தட்டை வெளியே தள்ளவிட்டார், ஏதோ நாலைந்து எண்களைத் தட்டினார். திரையில் இதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு மெனு வந்தது. அதில் 5 என்று இருந்ததை 0 ஆக்கினார்.

"அவ்வளவுதானா அண்ணே?"

"அவ்வளவுதான் தம்பி. கம்பெனிக்காரனே வச்சிருக்கான், சொல்ல மாட்டான். இனிமே எந்த ஊரு டிஸ்க்கும் ஓடும்." சற்று யோசித்து, "இதுக்கு எதுக்கு சார் ஒரிஜினல் வாங்கினீங்க?" என்று பெரியப்பாவை விசாரித்தார். குரலில் நிஜமான அனுதாபம்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் கடை வாசலில் கூடையில் கிடந்த முப்பது ரூபாய் டிஸ்க்குகளில் ஒன்றிலும் ரீஜன் கிடையாது. திருடுகிறவன் பூட்டோடு சேர்த்துத் திருடுவானா? பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பிரதி எடுப்பான். முழுக்காசு கொடுத்து, ரசீது வாங்கி, ஜி.எஸ்.டி. மாதிரி எது கேட்டாலும் கட்டிய பெரியப்பாவும், பரிசாக வாங்கிய பிரவுனும் மட்டும்தான் மாட்டினார்கள். தமிழ்ப் பட டிவிடி போட்டவர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பெரும்பாலான டிஸ்க்கின் பின்னட்டையில் 'ஆல் ரீஜன்', 'என்.டி.எஸ்.சி.' என்று இருக்கும். ஐந்து திணைக்கும் ஒரே டிஸ்க். ஹாலிவுட்டுக்கு இல்லாத உலக ஞானம்.

எல்லோரும் ப்ளேயரை 0 ஆக்குகிறார்கள் என்று தெரிந்ததும் 2000-இல் இன்னொரு பூட்டு வந்தது. ப்ளேயர் 'நான் எல்லா ஊரும்' என்றால், டிஸ்க் கோபித்துக்கொண்டு உலக வரைபடத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இந்தப் பூட்டோடு முதலில் வந்த படங்களில் ஒன்று 'தி பேட்ரியாட்'. பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு எதிராக அமெரிக்கர்கள் சுதந்திரத்துக்காகச் சண்டை போடும் கதை. கம்ப்யூட்டர் டிரைவுகளுக்கு அதே வருஷத்திலிருந்து வேறு விதி: ஐந்து தடவை ரீஜனை மாற்றலாம், ஐந்தாவதோடு அதுவே நிலைத்துவிடும். நம் அரசியல்வாதிகள் பரவாயில்லை, இவர்கள் கட்சி தாவலுக்கு எண்ணிக்கை வைத்தார்கள்.

இந்த வம்பிலேயே நார்வேயில் ஒரு பையன் கோர்ட்டுக்குப் போனான். யோன் லெக் யோஹான்சன், அப்போது 15 வயது. 1999-இல் அவனும் சில கூட்டாளிகளும் டிவிடியின் இன்னொரு பூட்டான சி.எஸ்.எஸ்.ஸைத் திறக்கும் சின்ன நிரலை வெளியிட்டார்கள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிவிடி பார்க்க வழி வேண்டும் என்பது அவன் கட்சி. 2000 ஜனவரியில் வீட்டில் சோதனை. கோர்ட்டில் வந்த கேள்வி ஒன்றுதான்: தன் காசில் வாங்கிய டிஸ்க்கைத் தானே திறந்து பார்ப்பது எப்படித் திருட்டு? 2003-இல் ஜனவரியில் ஒரு தடவை, டிசம்பரில் அப்பீலில் ஒரு தடவை என இரண்டு முறை விடுதலை செய்தார்கள். அதற்குள் அந்த நிரலை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் அதை ஜப்பானிய ஹைக்கூவாகவே எழுதிவிட்டார். வெண்பாவில் பாட நம்மிடம் ஆள் இருந்தும், யாரும் கேட்கவில்லை.

2006-இல் ப்ளூரே வந்தபோது ஆறு மூன்றானது. ஏ, பி, சி. நமக்கு சி, ரஷ்யாவும் சீனாவும் கூட. பிரிட்டனும் ஜப்பானும் இந்தத் தடவை வேறு வேறு வீடு. அதற்குப் பின் வந்த 4கே டிஸ்க்கில் ரீஜனே கிடையாது. திருந்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. திருட்டுப் பிரதிக்குப் பயந்து உலகம் பூராவும் ஒரே வாரத்தில் ரிலீஸ் செய்ய ஆரம்பித்ததால் பூட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நின்டெண்டோவும் 2017-இல் ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டில்லாமல் விட்டது.

ஆனால் 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது ஜப்பானில் இரண்டு விதமாக விற்றார்கள். பல மொழி பேசுவது 69,980 யென். இன்னொன்று 49,980 யென். அதற்கு ஜப்பானிய மொழி மட்டும்தான் தெரியும், ஜப்பான் கணக்கை மட்டும்தான் ஏற்கும். டோக்கியோவிலிருந்து ஊருக்கு வருகிற சித்தப்பாக்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று கடைக்காரர் சிரித்தால், பெட்டியைத் திருப்பி மொழி என்ன என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இந்தத் தடவை ரிமோட்டில் தட்ட எண் கிடையாது.